ரப்பரைத் தின்ற காற்று

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வல்லக்கோட்டை முருகன் மேல் சத்தியம். சத்தியம் போதாது என்கிறவர்கள் ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று அர்த்தம். அடுத்தவரைக் கேட்க வேண்டியதுதான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில், ராஜாமணி என்பவர் ஒரு ரப்பர் கம்பெனி நடத்தினார். லாரிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. வளையம் சுருங்கிவிடக் கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் இழுத்து ஒரு மரக்கட்டையில் மாட்டி, கட்டையோடுதான் அனுப்ப வேண்டும். அப்படி மாட்டிய வளையத்தைக் கடைசியாகப் பார்த்து, நல்லது என்று முத்திரை குத்துகிற ஆள் சுப்பராயன்.

அதற்கென்று ஒரு தனி அறை. அறையில் ஜன்னல் ஓரமாகக் கை வைத்த நாற்காலி ஒன்று. கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி கை வைத்த நாற்காலி இருந்தது சுப்பராயனுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு முக்காலி. சந்திரம்மாள் அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து வளையங்களைக் கட்டையில் மாட்டித் தருவாள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்குவார். லாரி வருகிற வரைக்கும் சரக்கு அந்த அறையிலேயே இருக்கும். இத்தனை வருஷத்தில் சுப்பராயன் முத்திரை குத்திய வளையம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த நாற்காலியில் அவர் சாய்ந்து உட்காருகிற தோரணைக்கு அதுதான் ஆதாரம்.

முதலாளியின் மச்சான் நடேசன் சிங்கப்பூருக்குப் போய் வந்தார். வரும்போது இரண்டு சாமான் கொண்டுவந்தார். ஒன்று, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பேன்ட்டுகள் ஒரு கட்டு. முதலாளிக்கும் தனக்கும். பெல்ட்டே வேண்டாம், தொப்பை எப்படிப் போனாலும் பேன்ட் கூடவே போகும் என்று பெருமை. இன்னொன்று, காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின். பார்க்க அரிசி டின் மாதிரி இருக்கும், முன்பக்கம் கம்பி கம்பியாக. அயனி மிஷின் என்றார். அருவிக்குப் பக்கத்தில் நின்றால் மனசு லேசாகிறதே, அது தண்ணீரால் இல்லையாம், அங்கே இருக்கிற நெகட்டிவ் அயனியாலாம். அதைக் கரண்டில் போட்டுத் தயாரிக்கிறதாம் இந்த மிஷின். அதனால் சளி போகும், சோர்வு போகும், கோபம் போகும், ஆளுக்குப் புத்தி கூர்மையாகும். கூடவே ஓசோனும் வரும், அது கிருமிகளைக் கொல்லும்.

"மேல ஓசோன்ல ஓட்ட வுழுந்துக்கினு கீதுன்னு பேப்பர்ல போடறான், பாக்கலியா பெர்சு?" என்றார் நடேசன் சுப்பராயனிடம். "நாம கீழயே தயார் பண்றோம்."

ஓட்டை மேலே இருக்கிறதென்றால் மிஷினைப் பனைமரத்தில் கட்ட வேண்டியதுதானே, என் தலைக்கு மேல் எதற்கு என்று சுப்பராயன் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்ட ஆள் மாதச் சம்பளக்காரர், பதில் சொல்ல வேண்டியவர் முதலாளியின் மச்சான். மிஷின் பரிசோதனை அறையில், நாற்காலிக்கு நேர் மேலே ஏறியது. தொழிலாளர் நலனுக்காக என்று முதலாளியே திருகைத் திருப்பித் தொடங்கிவைத்தார். திருகில் மூன்று நிலை. நடேசன் காகிதம் ஒட்டி எழுதியிருந்தார்: தென்றல், சாரல், அருவி. காற்று வெளியே ஓடிவிடக் கூடாது என்று ஜன்னலுக்கு ஆணி அடித்தாகிவிட்டது.

தென்றலிலேயே அறை முழுக்க ஒரு வாசனை. இடி விழுந்த இடத்தில் வருமே, மூக்கை நமநமவென்று அரிக்கிற வாசனை, அது. கதவு இடுக்கு வழியாக அது வெளியே போனதில் பக்கத்து ஏரித் தவளைகள் மழை வந்துவிட்டது என்று சித்திரை மாதத்தில் கத்த ஆரம்பித்தன. தவளைச் சத்தத்தை நம்பிக் கொல்லைக்காரர் ஒருவர் கேழ்வரகு விதைத்தார். அது முளைக்கவும் செய்தது. காற்றில் இருந்த தூசியெல்லாம் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டதில், மிஷினுக்குப் பின்னால் முதலாளியின் காலமான அப்பாவைப் போலவே ஒரு கறுப்பு உருவம் விழுந்தது, மீசை உட்பட. முதலாளி அதற்குக் கற்பூரம் காட்டினார். சுவரைத் துடைக்கக் கூடாது என்று உத்தரவு.

சந்திரம்மாளுக்கு இருமல் பிடித்தது. தொண்டையில் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி இருக்கிறது, நெஞ்சை யாரோ கட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது, நல்ல அறிகுறி என்றார் முதலாளி.

"ஞாயித்துக்கெயமையானா இருமலே இல்ல மொதலாளி."

"ஞாயித்துக்கிழமை உனக்கு வைத்தியம் இல்லையே, அதான்" என்றார் அவர்.

இந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் கண்டுபிடிக்க சுப்பராயன் ஒரு வாரம் முயன்றார். கிடைக்கவில்லை. அதுதான் அவருக்கு முதல் எரிச்சல்.

அதற்குள் சரக்கு திரும்பி வந்தது. லாரி கம்பெனிக்காரர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். கட்டையில் மாட்டியிருந்த ஒவ்வொரு வளையத்திலும் வெடிப்பு, கோடையில் ஏரி வெடித்துக் கிடக்குமே, அப்படி. ஒவ்வொரு வெடிப்புக்கும் பக்கத்தில் சுப்பராயனின் முத்திரை பளிச்சென்று இருந்தது. அவர் வளையத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், இது நான் பார்த்த ரப்பரே இல்லை என்றார். கம்பெனியில் இருந்த எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்தார்கள்.

முதலாளி பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சுப்பராயன் தலைப்பிலிருந்து ஆரம்பித்து, மூலத்துக்கு லேகியம் விற்கிற பொடி எழுத்து விளம்பரம் வரைக்கும் நிறுத்தாமல் படித்தார். கண்ணில் குறை இல்லை. அப்படியானால் மூளைதான் களைத்திருக்கிறது என்று முடிவு செய்த முதலாளி, இவருக்குக் காற்று போதவில்லை என்று திருகைச் சாரலுக்குத் திருப்பினார்.

அன்று முதல் சுப்பராயனுக்கு மிஷின் மேல் வன்மம். அதற்குக் காரண காரியம் எதுவும் அவர் யோசிக்கவில்லை. தலைக்கு மேலே இரைந்துகொண்டிருக்கிற எதன் மேலும் மனிதனுக்கு வரக்கூடிய வன்மம்தான். வீட்டில் உப்பு கூடினாலும் மிஷின்தான் காரணம், மாடு உதைத்தாலும் மிஷின்தான் காரணம். அவர் மனைவி காந்திமதி காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சொன்னார். அப்படிச் சொன்ன ஆயிரம் காரணங்களில் ஒன்று தற்செயலாகச் சரியாக இருந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

ஒரு நாள் மத்தியானம் சந்திரம்மாள் சோற்று டப்பாவை எடுத்தாள். மூடிக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டு தொடுவதற்கு முன்னாலேயே பட்டென்று அறுந்து விழுந்தது. அது புத்தம் புதியது என்றாள். நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான் என்றாள். சுப்பராயன் மெதுவாக அண்ணாந்து மிஷினைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

"தே, சந்திரம்மா. இந்தச் சனியன் ரப்பரத் துன்னுதுடி."

"ரப்பர மட்டுமா துன்னுதுண்ணா?" என்று இருமினாள் அவள். "என் நெஞ்சயும்தான் துன்னுது. யார் கேக்கறாங்க."

யாரும் கேட்கவில்லை. சரக்கை வெளியே மரத்தடியில் வைக்கலாம் என்று சுப்பராயன் சொல்லிப் பார்த்தார். வெளியே தூசி என்றார் முதலாளி. மிஷினை ஒரு நாள் அணைத்துப் பார்க்கலாம் என்றார் சுப்பராயன். அணைத்தால் அயனி கோபித்துக்கொள்ளும் என்கிற மாதிரி ஏதோ நடேசன் சொன்னார். காற்று ரப்பரைத் தின்கிறது என்று சுப்பராயன் கடைசியில் வாயைத் திறந்து சொல்லியேவிட்டார். முதலாளியும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றுக்குப் பல் இருக்கிறதா என்று நடேசன் கேட்டார்.

"உனுக்கு வயசாயிடுச்சி பெர்சு. கேட்டாண்ட ஒரு ஸ்டூல் கீது. நல்ல நெழல்."

இரண்டாவது சரக்கும் வெடித்துத் திரும்பி வந்தபோது நடேசனின் யோசனை உத்தரவாகவே ஆகிவிட்டது. மூன்றாவது தடவையும் வந்தால் சுப்பராயன் காவலாளியாகக் கேட்டுக்குப் போக வேண்டும். நாற்காலி நடேசனுக்கு. நடேசன் அன்றைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அளவு பார்த்துவிட்டுப் போனார். குஷன் போட வேண்டும் என்று வேறு சொன்னார். சுப்பராயன் பல்லைக் கடித்த சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. கோபம் இன்னும் போகவில்லையே என்று முதலாளி எழுந்து வந்து திருகின் மேல் கை வைத்தார். சந்திரம்மாள் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால் அன்றைக்குச் சாரலோடு விட்டார்.

மூன்றாவது சரக்கை எடுக்க லாரி கம்பெனியிலிருந்து சாம்சன் என்கிற அதிகாரியே நேரில் வந்தார். தண்டலத்துக்காரர். பேச்சு கம்மி, ஷூவும் சாக்ஸுமாகச் சுத்தமான ஆள். வளையம் முத்திரை குத்தப்படுவதை என் கண்ணால் பார்க்கிறேன், பார்த்த கையோடு நானே எடுத்துப் போகிறேன் என்றார். சுப்பராயன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டுக்குப் போவதா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

விருந்தாளி வந்திருக்கிறார் என்று முதலாளி கதவைச் சாத்தினார். இன்றைக்காவது விருந்தாளிக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று திருகை அருவிக்குக் கொண்டுபோனார். மிஷின் ஹோ என்று இரைந்தது. பிறகு அயனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடேசன் நடுநடுவே சிங்கப்பூர் என்றார். சாம்சன் தலையாட்டினார். சந்திரம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வளையத்தை மாட்டித் தந்தாள். சுப்பராயன் அதை வெளிச்சத்தில் திருப்பி, சாம்சனிடம் காட்டினார். கீறல் இல்லை. சாம்சன் சரி என்றார். முத்திரை விழுந்தது. பேச்சும் நீண்டது, அடுக்கும் உயர்ந்தது.

முதலில் சாம்சனின் சாக்ஸ் விழுந்தது. வலது கால் சாக்ஸ் சத்தமில்லாமல் கணுக்காலுக்கு இறங்கியது. அவர் குனிந்து ஏற்றிவிட்டார். இடது இறங்கியது. அதை ஏற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்துக்கு நேரே அலமாரியில், தன் கண்ணால் பார்த்து நல்லது என்று சொன்ன வளையத்தில் ஒரு கோடு விழுந்தது. கோடு வாயைத் திறந்தது. அதற்கு அடுத்ததிலும் விழுந்தது. பிறகு வரிசையாகப் பொரி பொரிகிற மாதிரி, படபடவென்று அலமாரி முழுக்க.

அந்தப் படபடப்பில் இன்னும் இரண்டு சத்தம் கலந்திருந்தது. முதலாளியின் பேச்சு பாதியில் நின்றது. அவருடைய இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விட்டன. நடேசனின் இரண்டு கையும் அதே இடத்தில் இருந்தன. சிங்கப்பூர் எலாஸ்டிக். சுப்பராயன் கட்டியிருந்தது நாலு முழ வேட்டி, அதற்கு அடியில் பருத்தி அரைஞாண். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாம்சன் நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"பெரியவர் கண்ணுல ஒண்ணும் இல்லைங்க" என்றார். "இந்தக் காத்துலதான் கீது கோளாறு. மொதல்ல அந்தம்மாவ வெளிய அனுப்புங்க."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "யோவ் சுப்பராயா, மிஷின அணை."

சுப்பராயன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் தொண்டையில் நின்றது எல்லாம் அப்போதுதான் வழி கண்டது போல, மிகப் பணிவாகச் சொன்னார்:

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே மொதலாளி. சுச்சி எங்க கீதுன்னு கைய நீட்டிக் காட்டுங்க."

முதலாளி கையை நீட்டவில்லை. நீட்டுகிற நிலைமையில் இல்லை. மச்சானைப் பார்த்தார். மச்சானும் நீட்டுகிற நிலைமையில் இல்லை. மிஷின் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே போகிற வழியில் சந்திரம்மாள்தான் இருமிக்கொண்டே சுவிட்சைத் தட்டினாள்.

ஜன்னல் ஆணியைச் சுப்பராயனே பிடுங்கினார். நாற்காலி அவருக்கே நின்றது. அடுத்த வாரம் போன சரக்கு திரும்பி வரவில்லை, சந்திரம்மாளின் இருமலும் திரும்பி வரவில்லை. இதிலிருந்து முதலாளி ஏதாவது கற்றுக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் அது சுப்பராயனின் தலையெழுத்தை அறியாதவர்கள் நினைப்பது. காற்றில் குற்றம் இல்லை, அடைத்து வைத்ததுதான் குற்றம், திறந்த வெளியில் வைத்தால் ஊருக்கே நல்லது என்று சொல்லி, மிஷினை அவர் கேட்டுக்கு அனுப்பினார். பார்த்துக்கொள்ள நடேசனையும் அந்த ஸ்டூலுக்கு அனுப்பினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. அன்று சாயங்காலம் சுப்பராயன் வண்டியை எடுத்தபோது முன் டயரும் பின் டயரும் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்திருந்தன. அவர் நடேசனைப் பார்த்தார். நடேசன் வேட்டிக்கு மாறியிருந்தார். "காத்து எப்டி பெர்சு?" என்றார். சுப்பராயன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரகடம் வரைக்கும் நடந்தார்.

கூட்டு ரோட்டு டீக்கடையில் விசாரித்தால் இதையும் சொல்வார்கள்: அந்தக் கம்பெனிக்கு மின்சார இணைப்பு கிடைத்தது இதெல்லாம் முடிந்த பிறகு, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம். அதற்கு முன்னால் அங்கே ஒரு பல்புகூட எரிந்ததில்லை.