சல்லடையில் ரெண்டு ஒட்டு

"இதுல ரெண்டு வலை இருக்கணுமேக்கா. காணலியே" என்று கற்பகத்திடம் சொன்னான் மெக்கானிக் ஜக்கையன்.

போடியில் சந்தைக்குப் பின்னால் இருந்த அவனுடைய பட்டறையில், அவள் புருஷன் வீரணனின் பழைய மோட்டார் சைக்கிள் பிரித்துப் போட்டுக் கிடந்தது. வீரணன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். குரங்கணி ரோட்டு வளைவில் வழுக்கி விழுந்த வண்டியை அன்றைக்கு யாரோ ஜீப்பில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார்கள். கற்பகம் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியதோடு சரி. மகள் முத்துப்பிரியாதான் விடவில்லை. குரங்கணியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. "அப்பா வண்டியிலதான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"என்ன வலை மாமா?" என்றாள் முத்துப்பிரியா.

ஜக்கையன் இரண்டு விரலை வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். "இத்தினியூண்டு பித்தளை வலை. எஞ்சினு மூச்சு விடுற குழாய்க்குள்ள இருக்கும். காத்தை மட்டும் வெளிய விட்டுட்டு ஆயிலை உள்ளயே நிறுத்திக்கிரும். அது இல்லாம மலையேறுனா ஆயிலையும் சேத்துத் துப்பும். பின்டயருல பட்டுச்சுன்னா வழுக்கி..."

எதையோ தேடுகிறவன்போல ஸ்பேனர் பெட்டியைக் கிளற ஆரம்பித்தான்.

கற்பகத்துக்கு வீட்டுச் சல்லடை ஞாபகம் வந்தது.

அவளுக்கு ஏலக்காய் பொறுக்குகிற வேலை. கடையிலிருந்து வரும் மூட்டையை வீட்டில் சலித்து, பெரிசு வேறு சிறிசு வேறாகப் பிரித்துக் கொடுப்பாள். சல்லடை ரெண்டு இடத்தில் கிழிந்து, பெரிய காயும் சேர்ந்து ஒழுகியது. ஒரு துண்டு வலை வாங்கிவரச் சொல்லி ஆடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீரணனுக்கு அது மட்டும் தினமும் மறக்கும். விபத்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வண்டியைப் பிரித்துக் கழுவும்போது, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் அளவெடுத்து வெட்டியதுபோல ரெண்டு வட்ட வலை கிடந்தது. எடுத்தாள், துடைத்தாள், சல்லடையில் வைத்து நைலான் நூலால் தைத்தேவிட்டாள்.

"ஏ புள்ள, இங்க கெடந்த வலையைப் பாத்தியா?"

"கோழி கொத்திட்டுப் போயிருக்கும்."

"ஒங்க ஆத்தா வீட்டுக் கோழி மண்ணெண்ணெய் குடிக்குமாக்கும்!"

"பொண்டாட்டி கேட்ட வலை மறந்துபோகும், வண்டி வலை மட்டும் ஞாபகம் இருக்குதோ? நல்லாத் தேடுங்க."

சாயங்காலம் சல்லடையை அவன் முன்னால் தூக்கிக் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தாள், பாவம். அதற்குள் அவன் வேலைபார்க்கும் ஏலத்தோட்டத்திலிருந்து போன். வெரசா வரச் சொன்னார்கள். "ஒருநா இல்லாட்டி என்ன, குடியா முழுகிரும்?" என்று வலை இல்லாமலே வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் விழுந்ததற்கு ஊரெல்லாம் சாரலைச் சொன்னது. அவளும் மூன்று மாதமாக மழையைத்தான் வைதுகொண்டிருந்தாள்.

"இருங்க தம்பி, வர்றேன்" என்று எழுந்து வீட்டுக்குப் போனாள்.

சல்லடையை மடியில் வைத்து, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். எத்தனை கெட்டியாகத் தைத்திருந்தாள்! ரெண்டு ஓட்டை வழியாகவும் அவளுடைய சேலைப்பூ தெரிந்தது.

திரும்பி வந்து வலைகளை நீட்டியதும் ஜக்கையன் வாங்கி மண்ணெண்ணெயில் போட்டான். ஓர் ஏலக்காய்த் தோல் மெல்ல மேலே வந்து மிதந்தது. முத்துப்பிரியா பார்ப்பதற்குள் அதை விரலால் வழித்து எறிந்தான்.

"எங்கேம்மா இருந்துச்சு?"

கற்பகம் மகளைப் பார்த்தாள். அதே நெற்றி, அதே புருவம். அவனே கேட்பதுபோல இருந்தது.

"எங்கிட்டத்தான் இருந்துச்சு ஆத்தா."

ஜக்கையன் அவசர அவசரமாக வலைகளைப் பொருத்தி, குழாயை மாட்டி, கிக்கரை உதைத்தான். பட்டறையே அதிர்ந்தது. முத்துப்பிரியா பக்கத்தில் வந்து மறுபடி என்னவோ கேட்டாள். சத்தத்தில் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

கற்பகம் குனிந்து, அந்த மூச்சுக் குழாயின் வாயருகே உள்ளங்கையை நீட்டினாள். விட்டு விட்டு மூச்சு வந்து தொட்டது, வெதுவெதுவென்று. கையைத் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.