ஐந்து பேருக்கான திட்டம்

பேரம் பேசுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்ன நினைப்பு, ஊரே ஒத்துக்கொண்ட விஷயம். நான் படியேறுவதைப் பார்த்தாலே டைல்ஸ் கடைக்காரர் முகம் சுருங்கும். தம்பி வேலையில் கெட்டிக்காரன். விலை பேசச் சொன்னால் மட்டும் பச்சைப்பிள்ளை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவான். அதனால் குளியலறை, சமையலறை புதுப்பிக்கும் இந்தக் கான்ட்ராக்ட் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து கை அவன் பொறுப்பு, வாய் என் பொறுப்பு.

மென்பொருள் வாங்கலாம் என்று சொன்னது தம்பி மனைவி. ஆபீஸ் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். போன மாதம் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் ஒரே வீட்டில் போய் நிற்க, இன்னொரு வீட்டில் கழற்றிய குழாய் கழற்றியபடி கிடந்து, அந்த வீட்டுக்காரர் ஆபீசுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். காலையில் யார் எங்கே போவது என்று சொல்லி அனுப்புகிறவன் நான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு அதுதான் வேலை. தப்பு என்னுடையது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இனிமே எல்லாம் அவங்கவங்க போன்லயே வந்துரும் மாமா. எந்த வீடு, எத்தனை மணி, என்ன சாமான், எல்லாமே" என்றாள்.

"வரட்டும்மா, நல்லதுதானே" என்றேன். அப்படி வந்துவிட்டால் நான் எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அவள் மூன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று பெரிய கட்டட கம்பெனிகளுக்கானது. விலையைக் கேட்டதும் தம்பி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். இன்னொன்று இலவசம். திறந்தால் விளம்பரம், மூடினால் விளம்பரம். மூன்றாவதுதான் எங்களுக்குத் தோதாக இருந்தது. அதை விற்கிற பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்தாள். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷட்டர் போட்ட ஒற்றை அறை, அதில் பாதி மாதிரி டைல்ஸுக்கும் இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பெட்டிகளுக்கும். மேஜையில் இடமில்லாமல் கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் வைத்துக் காட்டினாள். எட்டுப் பேர் பயன்படுத்தினால் ஒரு விலை, ஐந்து பேர் என்றால் அதில் பாதிக்கும் கீழே.

"எட்டே இருக்கட்டும் மாமா" என்று தம்பி மனைவி மெல்லச் சொன்னாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. விற்கிறவள் முன்னாலேயே இப்படிச் சொன்னால் அப்புறம் நான் என்னத்தைப் பேசுவது?

"எதுக்கு எட்டு? எண்ணிப் பாரும்மா, நிஜமா வேலை பாக்கிறவங்க எத்தனை பேரு? சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்கெல்லாம் நாம தெண்டம் கட்டணுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். சரி, இரண்டு பேரும் வாயடைத்துப்போனார்கள் என்று நான் விடாமல் பிடித்தேன். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும் என்றாள் அந்தப் பெண். ஆனால் நடுவில் மாற்ற முடியாது.

"மாத்துறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்று சொல்லி, அதற்குமேலும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் குறைத்தேன்.

"உங்ககிட்ட முடியாது சார்" என்று சிரித்துக்கொண்டே போனாள் அவள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் வந்து நின்றார்கள். தம்பி பெயர்களை ஏற்றினான். முதலில் அவன், அப்புறம் அவன் மனைவி. இரண்டு போனும் மணியடித்தன. பிளம்பர் போன் அடித்தது. எலக்ட்ரீஷியன் போன் அடித்தது. டைல்ஸ் ஒட்டுகிற டைல்ஸ்காரர் பையைத் துழாவி எடுப்பதற்குள் அவருடையதும் அடித்துவிட்டது. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் போனைக் கையில் பிடித்திருந்தேன்.

"என்னுதுல ஒண்ணும் வரலையே. சிக்னல் இல்ல போல" என்று வாசல்வரை போய் போனைத் தூக்கிக்கூடப் பிடித்தேன். சீ, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணே, அஞ்சு முடிஞ்சிருச்சு" என்றான் தம்பி. "இன்னொரு ஆளைச் சேக்கணும்னா எட்டுக்குத்தான் போகணும். ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

அப்போதாவது நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். வாய்க்குத்தான் பூட்டு இல்லையே!

"அப்ப டைல்ஸ்காரர் பேரை எடுத்துரு. கல்லு ஒட்டுறவருக்கு எதுக்கு இதெல்லாம்?"

டைல்ஸ்காரர் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. போனைத் தம்பியிடம் நீட்டி, "எடுத்துருங்க சின்னவரே. பெரியவர் பேரைப் போடுங்க, எனக்கு யாராவது சொன்னா போதும்" என்றார்.

தம்பி அதை வாங்கவில்லை. "அவரு தினம் ஒரு வீட்டுக்குப் போறாருண்ணே. நீ..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அந்த 'நீ'க்குப் பிறகு என்ன வரும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் அதை நானே சத்தமாகச் சொல்லியிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அட, விளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா. எனக்கு எதுக்கு இந்தக் கருமம்?" என்று சிரித்தேன். கூடவே யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.

அதற்கப்புறம் காலை நேரம் மாறிப்போனது. "பெரியவரே, இன்னிக்கு எனக்கு எந்த வீடு?" என்று கேட்க ஆளில்லை. வருகிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், சாமானை எடுத்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். வணக்கம் மட்டும் குறையவில்லை. டைல்ஸ்காரர் மற்றவர்களைவிட ஒருபடி மேலாகவே பணிவு காட்டினார். எனக்குத்தான் அவர் கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவையும் சிமென்டைப் பற்றிப் பேசி அனுப்பினேன். வீட்டில் மனைவி, "உங்க பேரும் அதுல இருக்குல்ல?" என்று கேட்டாள். "முதல் பேரே என்னுதுதான்" என்று கூசாமல் புளுகினேன்.

ஒருநாள் ஆபீஸ் போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். உங்கள் ஆள் எப்போது வருவார் என்று ஒரு அம்மா கேட்டார். எந்த ஆள், எந்த வீடு, ஒன்றும் எனக்குத் தெரியாது.

"இதோ வந்துட்டே இருக்காங்கம்மா" என்றேன்.

"இதையேதானே ஒரு மணி நேரமா சொல்றீங்க?" என்றார் அவர். அவர் போனை அடித்து வைத்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தம்பியும் பிளம்பரும் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருகிற மிக்சர் குழாய் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ்காரர் வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். "போனைக் குடுங்க மாமா" என்று வாங்கி, என் போனிலும் அவள் கம்ப்யூட்டரிலுமாக ஏதோ தட்டினாள். திருப்பிக் கொடுத்த கையோடு அது மணியடித்தது. எல்லோருக்கும் அடித்த அதே மணி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எது வந்தாலும் சத்தமாகப் படித்துத்தான் எனக்குப் பழக்கம். அப்படியே படிக்கத் தொடங்கிவிட்டேன்.

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி..."

அதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"கஸ்டமரா சேத்தா காசு கிடையாது மாமா, எத்தனை பேரை வேணும்னாலும் சேக்கலாம்" என்றாள் அவள் அவசரமாக. "எல்லா வீட்டு வேலையையும் உங்க பேர்ல இணைச்சிட்டேன். யார் எங்க இருக்காங்கன்னு இனிமே நீங்களும் பாக்கலாம்." பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

நடுவில் நிறுத்தினால் இன்னும் கேவலம் என்று மிச்சத்தையும் படித்தேன். "எங்கள் ஊழியர்கள் குறித்த நேரத்தில் தங்களிடம் வருவார்கள். வேலையில் ஏதேனும் குறை இருப்பின் தயங்காமல் எங்களிடம் தெரிவிக்கவும்."

பிளம்பர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தம்பி குழாயைக் கீழே வைத்துவிட்டு என் நாற்காலி அருகில் வந்து நின்றான்.

"ஏதாவது குறை இருக்காண்ணே?" என்று கேட்டான். கேலியில்லை. நிஜமாகத்தான் கேட்டான்.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"ஒரு குறையும் இல்லப்பா" என்றேன்.