பாவாடை காட்டிய எல்லை

அருள்மொழி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் லேப்டாப்பில் இருப்பதைப் பென் டிரைவில் நகல் எடுப்பவள். மலை ஜனங்களின் நில மனுக்களுக்கு உதவும் சின்னச் சங்கம் ஒன்று வடக்கனந்தலில் இருந்தது. அங்கே வேலை பார்த்த அவள், "காப்பி எடுத்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டே மற்றவர்களை ஒரு வழி பண்ணியிருந்தாள். கோடை மழை இடியில் மின்சாரம் எகிறி அவளுடைய லேப்டாப் செத்தது. பழுது பார்ப்பவர், "டிஸ்கே போச்சுங்க, ஒண்ணும் தேறாது" என்று கையை விரித்தார். அப்போதும் அவள் அசரவில்லை. பென் டிரைவ்தான் பையில் பத்திரமாக இருக்கிறதே!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிர்மலாவின் கம்ப்யூட்டர் கடையில் அதைச் செருகினாள். வழக்கமான மஞ்சள் ஃபோல்டர் தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை. நிர்மலா எட்டிப் பார்த்து, அதன் மூலையில் இருந்த குட்டி அம்புக்குறியைக் காட்டினாள்.

"இன்னாக்கா இது, ஷார்ட்கட்ட காப்பி பண்ணி வெச்சிருக்கீங்க? இது வெறும் வாசல்ல மாட்டுற பேர் போர்டுங்க. வூடு உங்க லேப்டாப்புல இல்ல இருந்துது."

"வாராவாரம் எடுத்தேனே..."

"வாராவாரம் போர்டத்தான் எடுத்துக்கினு போயிருக்கீங்க."

அருள்மொழி பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தாள். மற்ற மனுக்களின் வரைபடங்கள் போனால் போகட்டும், மறுபடி மலையேறி அளந்துவிடலாம். பெரியவர் பாவாடை பேசிய வீடியோவுக்கு எங்கே போவது? கல்வராயன் மலையில் பதினொரு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சாமை விதைக்கும் நிலத்துக்கு உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தன. அந்த நிலத்தின் எல்லையைக் கல் கல்லாக நடந்து காட்டத் தெரிந்தவர் பாவாடை ஒருவர்தான். ஒரு மணி நேரம் நடந்து காட்டவும் செய்தார். ஃபோனில் இடமில்லை என்று வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அழித்தவளும் இவள்தான். போன மாதம் அவர் காலமாகிவிட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணை.

பாவாடை வீட்டில் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று வெள்ளிமலை பஸ்ஸில் ஏறும்வரை யோசித்தாள். மனசு கேட்கவில்லை.

பாவாடையின் மனைவி தைலம்மாள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அருள்மொழி உட்காராமலே நடந்ததையெல்லாம் சொன்னாள். அழாமல் சொல்லத்தான் நினைத்திருந்தாள், முடியவில்லை.

தைலம்மாள் புளி தட்டும் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "சாவறன்னிக்குக்கூட அந்தாளு, 'நான் போனா இன்னா, அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்'னுதான் சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள். "எனக்குன்னா அந்தக் கல்லுங்க தெரியாது. பொட்டிதான போச்சு? நீ கூடவே நடந்த இல்ல, காதால கேட்ட இல்ல? பயந்துக்காத கண்ணு. திங்கக்கெழம நீயே போய்ச் சொல்லு. எங்க, எனக்கு ஒரு தரம் சொல்லு பாக்கலாம்."

அருள்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் கல் கடுக்காய் மரத்தடியில். அது நன்றாக நினைவிருந்தது. அங்கிருந்து ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அவர் கையை நீட்டி ஏதோ சொன்னார், யாரோ பாட்டன் பேரைக்கூடச் சொன்னார். அந்த நேரம் இவள் அவரைப் பார்க்கவில்லை. வெயில் திரையில் அடிக்கிறதே, சார்ஜ் இறங்குகிறதே என்று ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பதிவாகிறதே என்ற தைரியத்தில் காதைக் கொடுக்கவே இல்லை.

"சொல்லு கண்ணு," என்றாள் தைலம்மாள். "ரெண்டாவது கல்லு எங்க?"