வெறும் பூ

மொட்டைமாடியில் நின்றுகொண்டு டிரைவர் ஒரு காம்பை உற்றுப் பார்த்தார். நீளமான, மெல்லிய காம்பு. நுனியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்துக் காம்பும் மொட்டை. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

“எவன்டா அது!” என்று அவர் போட்ட சத்தத்தில் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மகள் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்க வேண்டுமென்றால் தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. காலையில் வரிசையில் நின்று பால் வாங்கி வருவார். அதுவும் போதாதென்று மாடியில் தொட்டிகள் வைத்தார். குளிர் காலத்தில் கொத்தமல்லி தளதளவென்று வந்தது. ஆசையாகக் கிள்ளத் தொடங்குவதற்குள் வெயில் ஏறி, பூத்து ஓய்ந்தது. கோடையில் தக்காளி அடிப்பக்கம் கறுத்து விழுந்தது. மிளகாய் இலைகள் கோபித்துக்கொண்டதுபோல் சுருண்டன. புதினா மட்டும் எதற்கும் அசையாமல் பிழைத்துக் கிடந்தது. மிச்சம் இந்தப் பூசணிக் கொடிதான்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார். “தொட்டித் தண்ணி என் கூரையில ஊறுது சார். காய்ச்சாலாவது பொறுத்துக்கலாம். மழைக்குள்ள ஒரு காய் காட்டுங்க. இல்லேன்னா ஆளை விட்டு எல்லாத்தையும் இறக்கிடுவேன்.”

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டுபோல் பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் பட்டால்தான் அது நிற்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிரும். சுற்றிலும் கட்டடங்கள். தேனீ எங்கே வரும்? அதனால் தேனீயின் வேலையைத் தானே செய்யத் தயாராக இருந்தார் டிரைவர். ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். பெண் பூ விரிந்திருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. பால் வாங்கிக்கொண்டு அவர் மேலே வருவதற்குள் ஆண் பூக்களை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். இரண்டு பிஞ்சு ஏற்கெனவே வெம்பி விழுந்துவிட்டது.

எரிச்சலோடு கைப்பிடிச் சுவர் வழியே கீழே எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரின் ஆடு முற்றத்தில் கட்டிக் கிடந்தது. அதன் வாயோரம் ஒரு மஞ்சள் இதழ்.

அவ்வளவுதான். படிகளை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

“உங்க ஆட்டு வாயில என் பூ! வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க. நாலு தொட்டி மண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?”

பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நுரையைத் துப்பினார். “ஏன் சார், என் ஆடு மாடி ஏறி, பூவைப் பறிச்சு, நல்ல பிள்ளையா இறங்கி வந்து கயித்துல தலையை மாட்டிக்குச்சா?”

“நீங்க பறிச்சுப் போட்டிருப்பீங்க!”

“நான் பறிச்சா கொடியையே பறிப்பேன். பூவை எண்ணிப் பறிக்க எனக்கென்ன தலையெழுத்தா?”

தெருவே வேடிக்கை பார்த்தது. டிரைவர் ஆட்டை ஒரு முறை முறைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் பாலுக்குப் போவதுபோல் தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பி, நேரே மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வெளிச்சம் லேசாகப் பரவியபோது படியில் கொலுசில்லாத, மெத்தென்ற காலடி. வந்தவர் சம்பந்தியம்மா. மகளின் மாமியார்.

ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதில்லை. சம்பந்தியிடம் வாய்விட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்று இருவரும் தனித்தனியே நினைத்திருந்தார்கள். “உங்கப்பாவுக்கு இன்னொரு தோசை வை”, “அத்தைக்கு மருந்து தீர்ந்துடுச்சான்னு கேளும்மா” என்று எல்லாம் மகள் வழியாகத்தான் போகும். மகள் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் டியூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் டெலிபோன் கம்பி அறுந்த மாதிரிதான்.

அந்த அம்மாள் குனிந்து, ஒவ்வொரு பூவாகப் பார்த்து, பிஞ்சில்லாத பூக்களை மட்டும் மெல்லக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டார். டிரைவர் வெளியே வந்தார்.

சம்பந்தியம்மா திடுக்கிட்டு, பழக்க தோஷத்தில் மருமகளைத் தேடினார். மருமகள் இல்லை. புதினாத் தொட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். “அவருதானே அன்னைக்கு சொன்னாரு, எல்லாம் வெறும் பூவாப் பூத்துத் தொலையுதுன்னு. காய்க்காத பூ கொடிக்குப் பாரம்தானே? சத்தை உறிஞ்சிடுமேன்னு பறிச்சுப் போடுறேன். வீணாக்கல. ஆட்டுக்குத்தான் போடுறேன். என்னால முடிஞ்ச உதவி.”

“காய்க்கலேன்னா உடனே பாரமா?” டிரைவரின் குரல் உடைந்து வந்தது. மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. “அது இல்லாம எந்தக் காய் நிக்கும்? படைச்சவன் சும்மாவா படைச்சான்? ஸ்டியரிங்கை விட்டுட்டா ஒருத்தன் வெறும் ஆளா? உட்கார்ந்து தின்னா சோத்துக்குப் பாரமா? கிள்ளி ஆட்டுக்குப் போட்டுடலாமா?”

சம்பந்தியம்மா புதினாவை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

“உங்களை யாரு பாரம்னு சொன்னா, அண்ணா?”

“யாரும் சொல்லல.”

“அப்புறம்?”

“சொல்லாம இருக்காங்கன்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்சீங்க! நீங்க வாங்கிட்டு வர்ற பால்லதான் இந்த வீட்டுல டீ. என் மகனா எழுந்து போவான்? இழுத்துப் போர்த்திக்குவான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பூ விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா. காயைக் கெடுத்தது நான்தான்.”

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் டிரைவரின் கண் கொடியில் ஓரிடத்தில் நின்றது. இலைக்கடியில் ஒரு பெண் பூ, அன்றுதான் வாய் திறந்திருந்தது.

“மடியில இருக்கிறதை எடுங்க. சீக்கிரம்!”

இப்போதுதான் கிள்ளிய பூக்கள். உள்ளே மஞ்சள் தூள் அப்படியே இருந்தது. இதழைப் பிய்த்துவிட்டு அவர் குனிந்தார், விரல் ஆடியது. சம்பந்தியம்மா அதை வாங்கி, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் பூவின் நடுவில் ஒற்றினார். இருவரும் ஒரு நொடி கண்ணை மூடினார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றே டிரைவர் கீழே போய், அதே தெரு பார்க்க, வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். பால் மட்டும் அன்று தாமதம். மருமகன் கடுங்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

பிஞ்சு உதிரவில்லை. கோலிக்குண்டு எலுமிச்சையாகி, எலுமிச்சை தேங்காயாகி, ஒரு குடம் அளவுக்கு வந்தது. மேகம் கறுத்த ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் ஆளோடு மேலே வந்தார். காயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒண்ணே ஒண்ணு!”

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க கேட்டது ஒரு காய். இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு கிடையாதா? உங்க ஆடு இதுவரைக்கும் எத்தனை காய் காய்ச்சுது? காய்க்காததையெல்லாம் இறக்கணும்னா அதுலேருந்து ஆரம்பிங்க! கூரையில ஊறுதுன்னா தொட்டிக்குக் கீழ தட்டு வைக்கிறோம். அண்ணன் மழைக்கு வெண்டை வேற போடப் போறாரு. எந்த ஆள் வந்து இறக்குறான்னு நானும் பார்க்கிறேன்!”

கூட வந்த ஆள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினான். வீட்டுக்காரர் “தட்டு வைங்க, தட்டு” என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

“வெண்டையா?” டிரைவர் தயங்கிக் கேட்டார். “நான் எப்போ சொன்னேன்?”

“நான் சொல்றேன்,” என்றார் சம்பந்தியம்மா, கோபம் இன்னும் தணியாமல். “விதை வாங்கிட்டு வாங்க. முதல்ல எந்தப் பூவைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க.”