பத்மா ஆகஸ்ட்

செப்டம்பர் மூன்றாம் தேதிக்குப் பிறகு அக்ஷிதா யாரையும் போனில் கூப்பிட்டதில்லை. எதுவானாலும் மெசேஜ்தான். ஆபீசில் அடுத்த நாற்காலிக்காரிக்குக்கூட டைப் அடித்துத்தான் பதில் சொல்வாள். அவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு அவள் நாயனாவைக் கூப்பிட்டிருந்தாள். தெலுங்கு பேசும் வீடு. அப்பா சசிதரை அவள் நாயனா என்றுதான் அழைப்பாள். வரும்போது பிரெட் வாங்கி வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எடுத்தார். நான்கு விநாடி. பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. பீளமேட்டுக்குத் திரும்பும் வழியில் அவருடைய பைக் யார்மேலும் மோதாமல், யாரும் அதன்மேல் மோதாமல், தானாகவே போய்ச் சாலை நடுச்சுவரில் சாய்ந்துகிடந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா பத்மாவதி பார்ப்பதற்குள் அக்ஷிதா அந்தக் கடைசி அழைப்பை அழித்துவிட்டாள். போனிலிருந்து போய்விட்டது. ஆனால் தினமும் ஐந்து நாற்பதானால் அவள் காதுக்குள் எதிர்முனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மூச்சு விட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிருபாசங்கர் வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புக்காரர். அவருடைய தரிசுக் காட்டில்தான் நாயனாவும் இன்னும் நாலைந்து பேரும் ரேடியோவில் இயங்கும் குட்டி விமானங்களைப் பறக்கவிடுவார்கள். நாயனாவின் விமானத்தையும் ரேடியோவையும் எடுத்துப்போக அம்மாதான் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

"ஷெல்ஃப் மேல உக்காந்துட்டு என்னையே பாக்குது. எங்கயாச்சும் போயிப் பறந்தாத் தேவல."

"பறந்துருமுங்க அக்கா," என்றார் கிருபாசங்கர். "ஆனா செட்டிங்கெல்லாம் எனக்குப் பிடிபடாதுங்க. அம்மணி ஒருக்கா பாத்துக் குடுத்துப்போட்டாங்கன்னா நிம்மதியாக் கொண்டு போயிருவேன்."

நாயனாவுக்குக் கூடமாட உதவிப் பழகிய அக்ஷிதா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இறக்கையை மாட்டி, பேட்டரியைச் செருகினாள். ரேடியோ ஒரு கூவல் கூவியது. விமானத்துக்குள் இருந்த சர்வோக்கள் ஒரே நேரத்தில் சிலிர்த்து நின்றன. தீப்பெட்டி அளவு மோட்டார்கள். கையில் இருக்கும் ரேடியோவின் இரண்டு குச்சிகளில் ஒன்றை அசைத்தால் அவை ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி வாலையோ இறக்கை ஓரத்தையோ தூக்கும். அவற்றின் மெல்லிய முனகலை ஐந்து மாதம் கழித்துக் கேட்டதும் பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமியது போல அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. அம்மா சமையலறையில் காபிக்குப் பால் வைத்திருந்தாள்.

கிருபாசங்கர் வலது குச்சியைக் கட்டைவிரலால் அசைத்தார். வால் அசையவில்லை. இன்னும் தள்ளினார். அப்போதும் இல்லை. பாதிக்கு மேல் தள்ளிய பிறகுதான் வால் மெதுவாக எழுந்தது.

"என்னங்க இது, குச்சியைத் தள்ளுனா எந்திரிச்சுப் பல்லு வெளக்கிப்போட்டு வருதுங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அளவுகோலை வால் ஓரத்தில் நிறுத்தி, குச்சியை முழுதாகத் தள்ளிப் பார்த்தாள். ஆறு மில்லிமீட்டர். இந்த விமானத்துக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். அடிப்பக்க மூடியைத் திறந்தாள். சர்வோவின் கை என்பது நான்கு துளைகள் உள்ள சின்ன வெள்ளைத் துண்டு. வெளித்துளையில் கம்பி மாட்டினால் வால் நிறைய ஆடும், உள்ளே வர வர ஆட்டம் குறையும். கம்பி இப்போது கடைசி உள்துளையில் இருந்தது. வெளித்துளையோ வருடக்கணக்கில் கம்பி உராய்ந்து வழவழப்பாகியிருந்தது.

"நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களாங்க?"

"நானா? இன்னைக்குத்தானுங்க தொடறேன்."

ரேடியோவின் திரையில் தேடினாள். ஒரே விமானத்துக்கு, செட்டிங்குகளைச் சேமித்துவைத்த ஐந்து நினைவகங்கள். பத்மா. பத்மா மார்ச். பத்மா மே. பத்மா ஜூலை. பத்மா ஆகஸ்ட்.

"பத்மாங்கறது..."

"எங்கம்மா."

"அப்ப மரியாதையா ஓட்டோணுமுங்க," என்றார் கிருபாசங்கர், சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எக்ஸ்போ என்று ஓர் எண் உண்டு. அது கூடக்கூட, குச்சி நடுவில் இருக்கும்போது விரலின் சின்ன அசைவுகளை விமானம் பொருட்படுத்தாது. முதல் நினைவகத்தில் அது இருபது. மார்ச்சில் முப்பத்தைந்து. மே மாதம் ஐம்பது. ஜூலையில் அறுபத்தைந்து. ஆகஸ்டில் எண்பது. எண்பது வைத்து யாரும் ஓட்டுவதில்லை. காது கேளாதவரிடம் பேசுவது போல இருக்கும். அதுவும் வலது குச்சிக்கு மட்டும். இடது குச்சியின் எண்கள் ஐந்திலும் மாறவே இல்லை.

"கடைசியா எப்பங்க ஓட்டுனாரு?"

கிருபாசங்கர் யோசித்தார். "ஆடி கடைசியிலங்க. ஏத்திட்டாரு, ரண்டு ரவுண்டு போனாரு. அப்புறம் நீ எறக்கப்பான்னு ரேடியோவ எங்கையில குடுத்துப்போட்டாரு. வெயில் கண்ணைக் கூசுதுன்னாரு." பிறகு, "அன்னைக்கு மோடம் போட்டு இருட்டிட்டுக் கெடந்துச்சுங்க. மழை வருமுன்னுதான் எல்லாரும் அவசரப்பட்டோம்" என்றார். அவர் முகத்திலிருந்த விளையாட்டு இறங்கிவிட்டது.

அக்ஷிதா முதல் நினைவகத்துக்கு மாற்றினாள். வலது கட்டைவிரலைக் குச்சியின்மேல் வைத்தாள். வேண்டுமென்றே விரலை நடுங்கவிட்டாள், கொஞ்சமாக, குளிரில் நடுங்குவது போல. மேசைமேல் விமானத்தின் வால் படபடத்தது. சர்வோ விட்டுவிட்டு முனகியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் விரலை அல்ல. போன வருஷம் பிப்ரவரியில், இதே மேசையில், தனியாக உட்கார்ந்து இந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை. அவர் கை மாதம் போகப் போக மோசமாகியிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

ஆகஸ்டுக்கு மாற்றினாள். அதே நடுக்கம். வால் அசையாமல் கிடந்தது.

"நான் வெளிய நிக்கறனுங்க," என்று கிருபாசங்கர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அவளுக்குள் ஒரு கதவு திறந்தது போல இருந்தது. என் போன் அல்ல. அவர் கை. அப்படியானால் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும்... அந்த எண்ணத்தின் வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா இரண்டு காபியோடு வந்தாள். "எங்கே அவரு?"

"அம்மா. நாயனாவுக்குக் கை நடுங்குச்சா?"

பத்மாவதி டம்ளர்களை மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"இதுல இருக்கு."

அம்மா அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். அதில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தாள். "பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சுது. காபிய அரை டம்ளருக்கு மேல ஊத்த வேண்டாம்னுட்டாரு. கையெழுத்துப் போடறப்ப என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லுவாரு. டாக்டர்கிட்டப் போலாம்னேன். பாப்பாவுக்கு இண்டர்வியூ முடியட்டும், அவகிட்டச் சொல்லாதேன்னாரு. அன்னைக்கு வண்டிச் சாவி ரெண்டு தடவை கைதவறி விழுந்துச்சு கண்ணு. நான்தான் எடுத்து மாட்டி விட்டேன். போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. ஐந்து மாதமாகத் தினம் சொல்லிப் பார்த்த குரல் அது.

இப்போது சும்மா இருந்துவிடலாம் என்று அக்ஷிதாவுக்குத் தோன்றியது. அம்மாவே பழியை எடுத்துக்கொண்டுவிட்டாள். இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

"நான் கூப்பிட்டேம்மா," என்றாள். "அஞ்சு நாப்பதுக்கு. பிரெட் வாங்கிட்டு வரச் சொல்றதுக்கு. அவரு எடுத்தாரு. போன்ல இருந்து அழிச்சுட்டேன்."

வெளியே கிருபாசங்கர் யாருடனோ தேங்காய் லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பத்மாவதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாலு செகண்டு. மூச்சு மட்டும் கேட்டுச்சு."

"போனை இடது கைலதான் எடுப்பாரு."

"ஆமா."

"அப்ப வண்டிய..." அம்மா நிறுத்தினாள். அவள் எங்கே வந்து நின்றாள் என்பது அக்ஷிதாவுக்குத் தெரிந்தது. நான்கு விநாடியும் வண்டி வலது கையில் இருந்திருக்கிறது. அந்தக் கையில். எது யாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது. சாவியும் அழைப்பும் ஒரே ஹேண்டில்பாரில் சேர்ந்துவிட்டன.

அம்மா அவளைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. ரேடியோவைப் பார்த்து, "அவரு எதப் பிடிச்சுட்டு ஓட்டுவாரு?" என்று கேட்டாள்.

அக்ஷிதா ரேடியோவை அம்மா மடியில் வைத்து, அவள் வலது கட்டைவிரலை எடுத்துக் குச்சியின்மேல் பொருத்தினாள். அம்மாவின் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, குச்சி அதோடு சேர்ந்து நடுங்கியது. திரையில் பத்மா ஆகஸ்ட். மேசைமேல் விமானம் அப்படியே இருந்தது. வால் நேராக, அசைவில்லாமல்.

பத்மாவதி விரலையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெளிய தெரியவே இல்லையே," என்றாள்.