சட்டைக் கழுத்தில் ஒரு லேபிள்

விளக்கணைத்த பிறகுதான் அவளுக்கு வாய் திறக்க வரும். பகலெல்லாம் உம்மென்று இருப்பதால் இல்லத்துப் பெண்கள் அவளுக்குக் கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது பதினேழு. பக்கத்துக் கட்டில்காரிக்கு வைத்த பெயர் வக்கீல். உப்புப் பெறாத விஷயத்துக்கும் வார்டனோடு வாதாடுவாள்.

தங்கச்சி பிறந்தநாளுக்குச் சட்டை தைத்து அனுப்பிவிட்டதாகக் கோட்டான் வக்கீலிடம் கிசுகிசுத்தாள். பார்சலில் அனுப்புகிறவர் பெயர் எழுதவில்லை. வெளியூர் போகிற வாடிக்கையாளர் ஒருத்தியிடம் கொடுத்து, அங்கேயே தபாலில் போடச் சொல்லியிருந்தாள்.

"அவ்வளவு உஷாரா இருந்துட்டு இப்ப எதுக்குடி நடுங்கற?"

"லேபிள் வெச்சுத் தெச்சுட்டேன்."

இல்லத்தின் முன்பக்கம் அவர்கள் வேலை பழகும் தையல் கடை. மாஸ்டர் அக்காவுக்குக் கழுகுக் கண். அவர் சரி என்று சொன்ன துணிக்கு மட்டும்தான் கழுத்தில் லேபிள் ஏறும்: கடைப் பெயர், கீழே போன் நம்பர். எட்டு மாதமாகக் கோட்டான் தைத்ததெல்லாம் 'பிரிச்சுட்டு வா' என்றே திரும்பியது. அந்தச் சட்டையை மட்டும் மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் லேபிள் டப்பாவை நகர்த்திவைத்தார். அந்தப் பூரிப்பில் கை தானாகத் தைத்துவிட்டது.

வக்கீல் எழுந்து உட்கார்ந்தாள். வாதாட ஒன்றுமில்லை. யார் வீட்டுக்கும் இந்த இடம் தெரியக்கூடாது என்பதுதான் இல்லத்தின் முதல் சட்டம். ஒருத்தியைத் தேடி ஓர் ஆள் வாசலுக்கு வந்தாலும் பன்னிரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டும். முன்பு ஒருமுறை கட்டியும் இருக்கிறார்கள். கோட்டானோ அம்மாவின் இரண்டாம் புருஷனுக்குப் பயந்து ஓடிவந்தவள். பஸ் ஸ்டாண்டில் ஒன்பது ராத்திரி படுத்துக் கிடந்தபோதுதான் வார்டன் கண்ணில் பட்டாள்.

"காலையில நீயே போய்ச் சொல்லிடு. நான் கூட வரேன்" என்றாள் வக்கீல்.

வார்டன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"போன் வந்தா, அப்படி ஒரு பொண்ணே இங்க இல்லன்னு சொல்லணும். யார் கேட்டாலும்."

"தங்கச்சி கேட்டா?"

வார்டன் அவள் தோளில் கை வைத்தார். "யார் கேட்டாலும்னு சொன்னேன்ல, கண்ணு."

நாலாம் நாள் கடையில் போன் அடித்தது. மாஸ்டர் அக்கா வாயில் குண்டூசிகளோடு ஒரு அம்மாளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். எடு என்று கோட்டானுக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

"எங்க அக்கா இருக்காங்களா?"

குழந்தைக் குரலுக்குப் பின்னால் ஓர் ஆணின் இருமல். அந்த இருமலைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டாள். "அப்படி யாரும் இங்க இல்லையே பாப்பா."

"இருக்காங்க. சட்டை தெச்சு அனுப்பிச்சாங்க."

"கடைன்னா யார் யாரோ வந்து வாங்கிட்டுப் போவாங்க."

குழந்தை குரலைத் தாழ்த்தி, "நீங்க எங்க அக்கா மாதிரியே பேசறீங்க."

பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த வக்கீல் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மிஷின் நின்றது. கோட்டானுக்கு 'இல்லடா' என்று நாக்கு நுனிவரை வந்தது. தங்கச்சியை அவள் டா போட்டுத்தான் கூப்பிடுவாள். அதை எச்சிலோடு விழுங்கினாள்.

"இல்லம்மா."

"சரிங்க. அக்கா வந்தா, சட்டை தோள்ல புடிக்குதுன்னு சொல்லுங்க. ஆனாலும் நான் கழட்ட மாட்டேன்னு..."

போனை யாரோ பிடுங்கினார்கள். "ஏய், யாரு பேசறது?"

குரலை ஆடவிடாமல் கடைப் பெயரைச் சொன்னாள். "தைக்கக் குடுக்கணுமா சார்?" என்றும் கேட்டாள். அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்தான். அதன்பிறகு அங்கிருந்து போன் வரவே இல்லை.

மாஸ்டர் அக்கா குண்டூசிகளை எடுத்துவிட்டு யாரென்று கேட்டார்.

"யாரோ குழந்தைக்கா. நம்பர் மாத்திப் போட்டுடுச்சு."

தன் மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் ஏறவில்லை. வீட்டை விட்டு வந்து ஒன்றரை வருஷம். விட்டு வந்த அன்றைக்குத் தங்கச்சி இருந்த அளவுக்கே சட்டையை வெட்டியிருந்தாள்.