சூடு படாத தட்டு

அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவிக்குக் குப்பென்று வியர்த்தது. விருந்தினர் புடைசூழ, பல்லெல்லாம் தெரிய இயக்குநர் நிற்கிறார். செல் வளர்க்கும் ஒரு சின்னத் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்திருக்கிறார். மூடியில் அவளுடைய கையெழுத்து: 'சூடு படாதது. தொடாதீர்கள்.'

அடப்பாவி மனுஷா!

சூடு தாக்கினால் செல் தன் வழக்கமான புரத உற்பத்தியைச் சட்டென்று நிறுத்திவிட்டு, உயிரைக் காக்கும் சில புரதங்களை மட்டும் செய்யும். வீடு பற்றி எரியும்போது யார் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்? இதைக் காட்ட அவள் ஒரு தட்டைச் சூடாக்குவாள். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் வளர்ப்புப் பெட்டிக்குள் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டும் இரண்டு முறை உற்பத்தியை நிறுத்தித் தொலைத்தது. "உன் கை சரியில்லம்மா. அடுத்த தடவையும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் இயக்குநர். அவளும் நம்பினாள். தன் கையையே சந்தேகப்பட்டு அழுது, வீட்டில் கணவன்மேல் எரிந்து விழுந்து, சோறு இறங்காமல் கிடந்தாள். அந்த இரண்டு முறையும் விருந்தினர் வந்திருந்தது இப்போதுதான் உறைத்தது. ஏசி அறையில் தட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டியிருக்கிறார்கள். குளிர்ந்தாலும் செல்லுக்கு ஆபத்துதான், உற்பத்தி படுத்துவிடும்.

"விடுடி," என்றாள் கூட வேலை செய்பவள். "அவர் கையெழுத்து போட்டாத்தான் உனக்குப் பட்டம்."

"அதுக்காக? நான் என்ன இங்க பொருட்காட்சியா நடத்துறேன்? கெடுக்குறதையும் கெடுத்துட்டு என்னையே திட்டுவாரு, நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

அப்போது படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. "வாங்க வாங்க, உயிருள்ள செல்லை உங்க கையிலயே தர்றேன்!" இயக்குநரின் குரல்தான். மூன்றாம் முறைக்கான தட்டு பெட்டிக்குள் இருந்தது. அவள் விழுந்தடித்து ஓடினாள்.

அவர்கள் உள்ளே வந்தபோது பெட்டியின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா."

"முடியாது சார்."

"என்னது?" சிரிப்பு மட்டும் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

"போன ரெண்டு தடவையும் நீங்க தொறந்து வெளிய எடுத்துதான் சார் கெட்டுது. இந்தத் தடவை விடமாட்டேன்."

விருந்தினர் ஒருவர் இருமினார். கதவை நோக்கி நீண்ட இயக்குநரின் கை அந்தரத்தில் நின்றது. சட்டையைத் தாண்டி அவள் முதுகில் பெட்டியின் வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது.